வாய்தாக்களுக்கிடையே வளரும் பிள்ளைகள்

குடும்ப நீதிமன்ற இடைக்கால உத்தரவுகளில் ஒரே மாதிரியான வாசகம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணியிலிருந்து பகல் 1 மணி வரை, நீதிமன்ற வளாகத்திலுள்ள குழந்தைகள் மையத்தில் தந்தை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். கிழமை மாறும், நேரம் மாறும், இடம் சில சமயம் கோயில் பிராகாரமாகவோ பூங்காவாகவோ ஏதாவதொரு மாலாகவோ இருக்கும். சாரம் மாறாது. மாதத்துக்கு ஆறு மணி நேரம், அதுவும் நாலு பேர் பார்வையில்.

அந்த மூன்று மணி நேரம் எப்படிக் கழியும் என்பது இத்தகைய வளாகங்களில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா அரை மணி முன்னதாகவே வந்துவிடுவார். கையில் துணிக்கடைப் பை, ஒரு ரிமோட் கார், சாக்லேட். பிள்ளை அம்மாவழிப் பாட்டியின் புடவையைப் பிடித்துக்கொண்டு வரும். முதல் இருபது நிமிடம் பாட்டியின் மடியை விட்டு இறங்காது. இறங்கிய பின், “ஸ்கூல் எப்படிப் போகுது?” என்று கேட்பார். “நல்லாப் போகுது” என்று பதில் வரும். மேற்கொண்டு கேட்க அவரிடம் எதுவும் இருக்காது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழன் யார், எந்த டீச்சரைக் கண்டால் பயம், கணக்கில் எங்கே தடுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. வாங்கி வந்த சட்டையைப் போட்டுப் பார்த்தால் தோளில் பிடிக்கும். போன முறை பார்த்த உடம்புக்கு எடுத்த அளவு அது. கார் ஓடத் தொடங்கி, பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கும் நேரத்தில் மணி ஒன்றாகிவிடும்.

2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், பிள்ளையைப் பார்க்க வரும் கணவரை விருந்தினராகக் கருதி சிற்றுண்டியும் தேநீரும் கொடுத்து உபசரிக்க வேண்டும் என்று மனைவிக்கு உத்தரவிட்டார். மனைவி மேல்முறையீடு செய்ய, இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. நீக்கியது மிகச் சரி. பிரிந்து வந்த ஒருத்தியை, பிரிந்தவருக்கு டிபன் தயார் செய்யச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் உரிமையில்லை. ஆனாலும் அந்த உத்தரவு நம் நடைமுறையின் அடிப்படையை ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிட்டது. வந்துபோகிறவர் என்ற நிலைக்கு அப்பால் பிரிந்த அப்பாவை வைத்து யோசிக்க நம்மிடம் பழக்கம் இல்லை.

மணமுறிவுக்குப் பிறகு பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது பற்றிய பேச்சு இங்கே பெரும்பாலும் பாகப்பிரிவினைப் பேச்சாகவே நடக்கிறது. பாதிக்குப் பாதியா, மூன்றிலொரு பங்கா, கோடை விடுமுறை யாருக்கு, தீபாவளி யாருக்கு? எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த நாட்கள் என்பது முக்கியம் என்றும், அதைவிட எப்போதிலிருந்து என்பது முக்கியம் என்றும் நான் நினைக்கிறேன். பள்ளிக்கூட நாளின் அலுப்பிலும் அவசரத்திலும் இடமில்லாத அப்பா, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினாலும் அந்நியர்தான். அந்த இடம் பறிபோவதோ இறுதித் தீர்ப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே, முதல் சில மாதங்களில்.

தந்தை இப்படி வந்துபோகிறவராக ஆனது வரலாற்றில் சமீபத்தில்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சட்டப்படி பிள்ளைகள்மீது முழு உரிமை தந்தைக்கு. பிரிந்த மனைவிக்குப் பிள்ளைகளைப் பார்க்கும் உரிமைகூட இல்லை. கணவர் மூன்று மகன்களையும் கொண்டுபோய்விட்ட பின் எழுத்தாளர் கேரலைன் நார்ட்டன் விடாமல் போராடியதன் பலனாக 1839இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாயிடம் ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது அது. சின்னக் குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்ற, இன்று இயற்கை நியதிபோல நமக்குத் தோன்றும் எண்ணம் சட்டத்துக்குள் நுழைந்த வாசல் இதுதான்.

சென்னை அடையாறோடு பெயர் இணைந்துவிட்ட ஒருவரின் வாழ்க்கையில் இந்த மாற்றத்தின் இரு முனைகளையும் பார்க்கலாம். அன்னி பெசன்ட் 1873இல் கணவரைப் பிரிந்தபோது, மகன் டிக்பி தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் இருப்பது என்று ஏற்பாடானது. 1877இல் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய நூலொன்றை வெளியிட்டதற்காக அவர்மீது வழக்கு நடந்தது. அதையும் அவருடைய நாத்திகத்தையும் காட்டி, மதகுருவான கணவர் மகளைக் கேட்டார். 1878இல் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் சிறுமியைத் தந்தையிடம் ஒப்படைத்தார். மேல்முறையீட்டில் பிள்ளைகளைச் சந்திக்க அனுமதி கிடைத்தது. பெசன்ட் அதைப் பயன்படுத்தவில்லை. ஓயாத இழுபறி பிள்ளைகளைத்தான் வதைக்கும் என்று, அவர்கள் விவரம் தெரியும் வயதுக்கு வரும்வரை விலகியிருக்க முடிவெடுத்ததாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வளர்ந்த பிறகு இருவருமே தாயிடம் வந்து சேர்ந்தார்கள். இங்கே வந்துபோகிறவராக ஆக்கப்பட்டவர் தாய். அந்த நிலையை ஒரு தாயால்கூடத் தாங்க முடியவில்லை என்பதை, தந்தையரைப் பற்றிப் பேசும்போது நாம் நினைவில் வைக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே பெசன்ட் மறுதரப்பில் நின்றார். ஓய்வுபெற்ற அரசு ஊழியரான நாராயணய்யா தன் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் பெசன்டைக் காப்பாளராக்கி 1910இல் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1912இல் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சி. பி. ராமசாமி ஐயர், பெசன்ட் தன் வழக்கைத் தானே வாதாடினார். 1913இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தை பக்கம் தீர்ப்பளித்தது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. பிள்ளைகள் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர்களுடைய விருப்பத்தை யாரும் கேட்டறியவில்லை என்பதும் ஒரு காரணம். அதற்குள் கிருஷ்ணமூர்த்திக்கு ஏறக்குறைய 19 வயது. கடிதத்துக்கும் தீர்ப்புக்கும் இடையிலான நான்கு ஆண்டுகளில் வழக்கு தானாகவே முடிந்துபோயிருந்தது. தந்தையோடு அவர் மறுபடி வாழவே இல்லை.

இந்தியச் சட்டத்துக்கு வருவோம். 1890ஆம் ஆண்டின் காப்பாளர், சிறார் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1956இல் வந்த இந்து சிறார், காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணம்புரிந்த பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய் என்கிறது. கூடவே, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்தக் காலத்து வீடு அப்படியே கண்முன் வருகிறது. கையெழுத்துப் போடும் அதிகாரம் அப்பாவுக்கு. குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை அம்மாவுக்கு. பெற்றோராக இருப்பதைச் சட்டமே அதிகாரம் என்றும் பராமரிப்பு என்றும் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டது. மணம் முறியும்போது தந்தையின் கையில் மிஞ்சுவது காகிதம். தாயிடம் மிஞ்சுவது இரவு பகல் உழைப்பு. இருவருக்குமே இது அநீதி.

இந்தப் பிளவில் ஒரு பாதியை மட்டும் நாம் ஓரளவு சரிசெய்திருக்கிறோம். தன் மகன் பெயரில் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம், தந்தைதான் கையெழுத்திட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அவர் வழக்குத் தொடுத்தார். 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தைக்குப் பின் என்பதைத் தந்தை இறந்த பின் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோது தாயே காப்பாளர் என்று விளக்கம் தந்தது. தந்தையின் கையிலிருந்த அதிகாரம் தாய்க்கும் திறந்தது. தாயின் தோளிலிருந்த பராமரிப்பைத் தந்தைக்கும் திறந்துவிடும் வேலை அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973லேயே சொல்லியிருக்கிறது. பிள்ளையின் நலனே தலையாயது என்ற வரி இல்லாத தீர்ப்பு இன்று கிடையாது. அந்த நலனை ஒரு வாரத்தின் ஏழு நாட்களில் எப்படிப் பரப்புவது என்பதில்தான் எல்லாமே நின்றுவிடுகிறது.

நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257ஆம் அறிக்கை இதைத் தொட்டது. 6ஆம் பிரிவைத் திருத்தி இருவரையும் சமமான காப்பாளர்களாக்க வேண்டும். கூட்டுப் பொறுப்பு என்ற ஏற்பாட்டைச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். பெற்றோர் தங்கள் பொறுப்புகளை எழுதித் திட்டமாகத் தர வேண்டும். தாத்தா பாட்டிக்கும் பிள்ளையோடு நேரம் வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. எல்லா வழக்கிலும் கூட்டுப் பொறுப்பே தொடக்க விதியாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அந்த நிதானம் சரியானது என்பதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பத்தாண்டுகள் தாண்டியும் அந்த அறிக்கை சட்டமாகவில்லை.

நீதிபதிகள் தத்தம் அளவில் முயன்றிருக்கிறார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2013இல், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையிடமும் ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடமும் இருக்க வேண்டும், செலவை இருவரும் சரிபாதியாக ஏற்க வேண்டும் என்றது. துணிச்சலான உத்தரவு. ஆனால் ஆறு மாதம் என்பது சின்னப் பிள்ளைகளுக்கு மிக நீண்ட பிரிவு. பன்னிரண்டு வயதில் தாங்குவதை ஐந்து வயதில் தாங்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு தீர்ப்பில், நேரில் பார்ப்பதோடு தினமும் ஐந்து, பத்து நிமிடம் தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ பேசும் உரிமையும் வேண்டும் என்று சொன்னது. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் இந்த ஐந்து நிமிடம் தினசரி வாழ்க்கைக்குள் நுழைகிறது. இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், ஏன் அழுதாய் என்று அன்றைக்கே கேட்க முடிகிறது.

இனி வாய்தா. நம் ஊரில் பிரிவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சண்டை முற்றி, மனைவி குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். போகாமல் அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது. கோபம் தணிந்தால் தானாக வருவாள் என்று கணவர் காத்திருப்பார். பெரியவர்கள் இரண்டு சுற்றுப் பேசுவார்கள். தாய்மாமன் ஒரு வார்த்தை விடுவார், இந்தப் பக்கத்துச் சித்தப்பா ஒரு வார்த்தை விடுவார், பேச்சு முறியும். பிறகு சேர்ந்து வாழக் கோரியோ விவாகரத்துக் கோரியோ மனு. நோட்டீஸ் சார்வாகி, கவுன்சலிங் முடிந்து, சமரச மையத்துக்குப் போய்த் திரும்பி, பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு இடைக்கால மனு போட்டு, அதற்கு எதிர்மனு வந்து, இடையில் வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கோரும் மனுவும் வந்தால், ஆண்டு ஒன்று சத்தமில்லாமல் போயிருக்கும். இரண்டு வயதுப் பிள்ளையின் வாழ்நாளில் ஓர் ஆண்டு என்பது சரிபாதி. அத்தனை காலம் பார்க்காத ஒருவரை அது மறந்துவிடும்; அதில் யாருடைய சூழ்ச்சியும் தேவையில்லை. பிறகு நீதிபதி பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்ப்பார். பிள்ளை அப்பாவைக் கண்டு அழும். பழகிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிரிப்பது நலனாகாது என்று உத்தரவு வரும். அன்றைய நிலைமையில் அந்த உத்தரவு சரியாகவே இருக்கும். அந்த நிலைமையை உண்டாக்கியது தாமதம்.

தாமதத்துக்கு ஆண் பெண் பேதமில்லை. உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்த்த வழக்கொன்றில், தாய் வீட்டை விட்டு வெளியேறியபோது பெண் குழந்தைக்கு 21 மாதம். குழந்தை தந்தையிடமே தங்கிவிட்டது. குழந்தையைத் தாயிடம் அனுப்பிப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தபோது அவளுக்கு எட்டு வயது. இன்னொரு வழக்கில், நியூயார்க் நீதிமன்றம் 2007இல் பெற்றோர் இருவருக்கும் கூட்டாகப் பொறுப்பைக் கொடுத்திருந்தது. உடனேயே தாய் பிள்ளையோடு இந்தியா வந்துவிட்டார். சிபிஐ தேடிக் கண்டுபிடித்து, 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்ப உத்தரவிடும் வரை பிள்ளை பள்ளி மாறி ஊர் மாறி அலைந்திருந்தது. எல்லை தாண்டிய இத்தகைய வழக்குகளுக்கென 1980இல் உருவான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா இன்னும் சேரவில்லை.

சட்டத்துக்கு அவசரம் என்னவென்று தெரியாமலும் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் 2001இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். வழக்கு நடக்கும்போது பிள்ளைகளின் பராமரிப்புச் செலவுக்கும் கல்விக்கும் போடப்படும் மனுவை, நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து கூடியவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். பீஸ் கட்ட 60 நாள் கெடு உண்டு. பிள்ளை தன் தாயையோ தந்தையையோ பார்ப்பதற்கு அந்தக் கெடு இல்லை. வயிற்றுக்கும் படிப்புக்கும் இருக்கும் அவசரம் உறவுக்கு இல்லை என்று எப்படி முடிவெடுத்தார்கள்?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பால் அமேட்டோவும் ஜோன் கில்பிரெத்தும் 1999இல், பிரிந்து வாழும் தந்தையரைப் பற்றிய 63 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். தந்தை எத்தனை முறை பார்த்தார் என்பதற்கும் பிள்ளையின் நலனுக்கும் இருந்த தொடர்பு மெல்லியது. வீட்டுப்பாடத்தில் உதவி, தேவைப்படும்போது கண்டிப்பு, சிக்கல் வந்தால் காது கொடுத்துக் கேட்பது என்று பெற்றோருக்குரிய வேலைகளைச் செய்த தந்தையரின் பிள்ளைகள் படிப்பிலும் மனநிலையிலும் தெளிவாக நன்றாக இருந்தார்கள். பராமரிப்புத் தொகையை ஒழுங்காகக் கட்டுவதும் பிள்ளையின் நலனோடு சேர்ந்தே தென்பட்டது. ரிமோட் கார் வாங்கித் தரும் மூன்று மணி நேரத்தில் இந்த வேலைகள் எதற்கும் இடமில்லை. கண்காணிப்பு அறையில் வைத்துப் பிள்ளையை யாராலும் கண்டிக்க முடியாது.

சுவீடனில் பிள்ளை ஒரு வாரம் தாய் வீட்டிலும் மறுவாரம் தந்தை வீட்டிலும் மாறி மாறி வாழ்வது இன்று சாதாரணம். அங்கே 12, 15 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரிடம் எடுத்த தகவல்களை மலின் பெரிஸ்ட்ரோம் குழுவினர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். தூக்கமின்மை, தலைவலி, வயிற்றுவலி, மனச்சோர்வு போன்ற தொல்லைகள், பெற்றோர் சேர்ந்து வாழும் வீட்டுப் பிள்ளைகளிடம் குறைவு. பிரிந்தவர்களின் பிள்ளைகளில், இரு வீட்டிலும் மாறி மாறி வாழ்ந்தவர்கள் ஒருவரிடமே வாழ்ந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். இந்த முடிவைத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வாரம் மாறி வாரம் என்ற ஏற்பாட்டை எடுக்கும் பெற்றோர் பொதுவாக ஓரளவு வசதியுள்ளவர்கள், பிரிந்த பின்னும் பேசிக்கொள்ளக்கூடியவர்கள். நன்மை ஏற்பாட்டால் வந்ததா, அவர்கள் குணத்தால் வந்ததா என்று முழுக்கப் பிரித்துப் பார்ப்பது கடினம். கலிஃபோர்னியாவில் பதின்வயதினர் சுமார் 500 பேரிடம் நடந்த முந்தைய ஆய்வு இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. இரு வீட்டில் வாழும் பிள்ளைகள், பெற்றோர் ஒத்துப்போனால் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட உணர்வு இல்லாமல் இருக்கிறார்கள். பெற்றோர் மோதிக்கொண்டே இருந்தால் மற்றவர்களைவிட அதிகமாக அவதிப்படுகிறார்கள். தகவல் சொல்லும் தூதராக, வேவு பார்ப்பவராக அந்தப் பிள்ளையே ஆகிவிடுகிறது.

ஆஸ்திரேலியா இதைச் சட்டத்தின் வழியே அனுபவித்தது. 2006இல் அங்கே குடும்பச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் இருவருக்கும் சமமான பொறுப்பு என்பதைத் தொடக்க அனுமானமாக வைத்தார்கள். முக்கிய முடிவுகளை இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். மக்கள் அதைப் பாதி நேரம் தந்தைக்கு உரிமை என்று புரிந்துகொண்டார்கள். குடும்ப வன்முறை இருந்தால் அனுமானம் பொருந்தாது என்று சட்டத்திலேயே இருந்தது. ஆனாலும், வன்முறையைச் சொன்னால் ஒத்துழைக்காத தாய் என்ற பெயர் வருமோ என்று பெண்கள் அஞ்சினார்கள். பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 2023இல் மறுபடி திருத்தம் வந்தது. 2024 மே முதல் அந்த அனுமானம் அங்கே இல்லை. அதே மே மாதத்தில் ஜப்பான், மணமுறிவுக்குப் பின் ஒருவருக்கு மட்டுமே பொறுப்பு என்ற தன் பழைய விதியைத் திருத்தி, கூட்டுப் பொறுப்புக்கு வழிவிட்டது. இரு நாடுகளும் எதிரெதிர்த் திசையில் போவதுபோலத் தோன்றும். இரண்டுமே ஒரே இடத்தை நோக்கி வருகின்றன என்று எனக்குப் படுகிறது. முன்கூட்டியே எந்தப் பக்கமும் சாயாமல், இந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே அந்த இடம். நம் சட்ட ஆணையம் காட்டிய நிதானமும் இதுதான்.

வன்முறையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அடித்தவர், அடித்ததைப் பிள்ளை பார்க்கும்படி அடித்தவர், நல்ல அப்பாதான் ஆனால் மோசமான கணவர் என்று வாதாடுவதை நான் ஏற்கவில்லை. தாய் அடிபடுவதைப் பார்த்த பிள்ளைக்கும் அது அடிதான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சந்திப்பு பிள்ளைக்குத் தீங்காகும் என்று மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு இருந்தே ஆக வேண்டும். மறுபுறம், பிள்ளை ஒரு பெற்றோரை வெறுக்கும்படி மற்றவர் மனத்தைக் கலைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டும் நீதிமன்றங்களில் பெருகிவிட்டது. 2024இல் உச்ச நீதிமன்றம், அந்த முத்திரையை அவசரமாகக் குத்தக் கூடாது, இன்ன நாளில் இன்னது நடந்தது என்று குறிப்பான சம்பவங்களைக் கண்டறிய வேண்டும் என்றது. இரு தரப்புக் குற்றச்சாட்டையும் இதே கண்டிப்போடு சீக்கிரமாக விசாரித்தால், பாதி வழக்குகளில் சந்தேகமே பல ஆண்டுகளுக்குத் தண்டனையாக நீளாது.

பணம் அடுத்த முடிச்சு. ஜீவனாம்சம் வரவில்லையா, பிள்ளையைக் காட்ட மாட்டேன். பிள்ளையைக் காட்டவில்லையா, பணம் கட்ட மாட்டேன். இந்தப் பேரத்தில் இரு தரப்பு வக்கீல்களும் பழகிப்போயிருக்கிறார்கள். பிள்ளையின் சோறு அப்பாவைப் பார்ப்பதற்கான கட்டணம் இல்லை. அப்பாவின் அன்பு அந்தச் சோற்றுக்கான ரசீதும் இல்லை. இரண்டையும் தனித்தனியாக, நிபந்தனையில்லாமல் நிறைவேற்ற வைக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பேசத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. மணம் முறிவதற்கு முன் அந்த அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்? 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டிலுள்ளவர்களைக் கவனிக்கும் ஊதியமில்லாப் பணியில் ஒரு நாளில் பெண்களில் 27.6 சதவீதம் பேர் ஈடுபட்டார்கள், ஆண்களில் 14 சதவீதம் பேர். ஈடுபட்ட பெண் சராசரியாக 134 நிமிடம் செலவிட்டார், ஆண் 76 நிமிடம். தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர், டயப்பர் மாற்றாதவர், பள்ளி வாட்ஸாப் குழுவில் தன் எண்ணைச் சேர்க்காதவர், நீதிமன்றத்தில் வந்து நிற்கும்போது பிள்ளையைக் கேட்பது யாருக்காக? பல வழக்குகளில் தந்தை பொறுப்பை வென்றால் பிள்ளையை வளர்ப்பது அவருடைய அம்மா. அப்பத்தா வளர்ப்பது தவறில்லை. அதைத் தந்தையின் பராமரிப்பு என்று கணக்கு வைப்பதுதான் தவறு. இரவு காய்ச்சலில் எழுந்து உட்காருபவர் யார் என்று எந்த மனுவும் சொல்வதில்லை.

இதைச் சொல்லிவிட்டு, அப்பாக்களை அங்கேயே விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. மணவாழ்க்கையில் கற்காத பலர் பிரிந்த பின் கற்றுக்கொள்கிறார்கள். தனியாகப் பிள்ளையை வைத்திருக்கும் இரண்டாவது இரவிலேயே தலைவாரக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது; மூன்றாம் நாள் எந்தச் சட்னி இறங்கும் என்று தெரிந்துவிடுகிறது. அரசு இதை ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய அரசுப் பணியில் பெண்களுக்கு மட்டும் இருந்த 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, தனித்துப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும், மணமுறிவு பெற்றவர்கள் உட்பட, கிடைக்கிறது. மனைவியோடு வாழும் அப்பாவுக்கு அது கிடையாது. சேர்ந்திருக்கும்போதே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆணுக்கு நேரம் கொடுக்க மாட்டோம், பிரிந்தால் கொடுப்போம் என்பதில் நியாயம் என்ன?

நீதிமன்றத்தின் வாசலையே மிதிக்காத குடும்பங்கள் இதைவிடப் பெருங்கூட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவாகரத்து ஆனவர்கள் சுமார் 13.6 லட்சம். பிரிந்து வாழ்பவர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பிள்ளைகளுக்கு உத்தரவும் இல்லை, கெடுவும் இல்லை. ஊர்ப் பேச்சும் உறவினர் கோபமும்தான் சட்டம். தாலுகா அளவிலுள்ள இலவசச் சட்ட உதவி மையங்கள், விவாகரத்து வழக்குக்குக் காத்திராமல் பிள்ளையைப் பற்றி மட்டும் ஓர் ஒப்பந்தம் எழுத உதவினால், அது எத்தனையோ அறிவுரைகளைவிடப் பயன்படும்.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்? தாயும் தந்தையும் பள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வீடு பார்ப்பார்கள் என்பதை முதலில் எழுத வேண்டும். தாம்பரத்தில் ஒருவரும் அம்பத்தூரில் ஒருவரும் இருந்துகொண்டு வாரம் மாறி வாரம் என்றால், பிள்ளையின் பாதி வாழ்க்கை வண்டியில்தான். பள்ளியின் பதிவேட்டில் இருவர் எண்ணும் இருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு இருவருக்கும் போக வேண்டும். யூனிஃபார்ம் இரண்டு வீட்டிலும் இரண்டிரண்டு செட், ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று. ஐந்து வயதுக்குள் என்றால் நீண்ட நாள் பிரிவு வேண்டாம். குறைந்த நேரம், அடிக்கடி. வளர வளர நாட்களைக் கூட்டலாம். பதின்வயதில் பிள்ளையிடமே கேட்க வேண்டும். நண்பனின் பிறந்தநாளை விட்டுவிட்டு உத்தரவுப்படி அப்பா வீட்டுக்கு வா என்று எந்த நீதிமன்றமும் சொல்லக் கூடாது.

முதல் வாய்தாவிலேயே நீதிபதி இரு தரப்பையும் சில கேள்விகள் கேட்கலாம். வகுப்பாசிரியர் பெயர் என்ன? கடைசியாக எந்த மருந்து, எத்தனை நாள்? இரவு எத்தனை மணிக்குத் தூங்குவான், எதை அணைத்துக்கொண்டு தூங்குவான்? பதில் தெரியாத அப்பாவை அதற்காக விலக்க வேண்டியதில்லை. வன்முறைக் குற்றச்சாட்டு எதுவும் இல்லாவிட்டால், அவர் அதைத் தெரிந்துகொள்ளும்படியான நாட்களை அவருக்குக் கொடுக்க வேண்டும்: 26ஆம் பிரிவு பீஸுக்குக் கொடுத்த அதே 60 நாள் கெடுவுக்குள், மால் இல்லாத, கண்காணிப்பு அறை இல்லாத, வாரத்தில் ஒரு பள்ளி நாளின் மாலையும் இரவும், மறுநாள் காலை ஏழரை மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டிப் பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிடும் பொறுப்போடு.